மண்வெட்டிக்கு ஒரு ரசீது

மர்பி டவுன், பெங்களூர்
12 ஆகஸ்ட் 2024

அன்புள்ள தயாளா,

இந்தக் கடிதத்தில் ஐந்து விஷயங்கள் எழுதப் போகிறேன்.

1. உன் துப்பாக்கி லைசென்ஸ் விசாரணைக்கு வந்த போலீஸ்காரரிடம் நான் எழுதிக் கொடுத்தது என்ன, ஏன்.
2. நம் தாத்தாவும் துரையின் துப்பாக்கியும்.
3. ஆயுதச் சட்டம் யாரை மனதில் வைத்து எழுதப்பட்டது.
4. தற்காப்பு உரிமை பற்றிச் சட்டம் சொல்வது.
5. நீ அப்பீல் போக வேண்டாம் என்று நான் நினைப்பதற்குக் காரணம்.

சிரிக்காதே. முப்பது வருடம் சட்டக் கல்லூரியில் பாடம் நடத்தியவனுக்கு எண் போடாமல் தம்பியிடம்கூடப் பேச வராது. போனில் நீ கத்தினாய். "அண்ணா, நீங்க போனை வெச்சிடுங்க" என்றாய், வைத்துவிட்டேன். அதன்பிறகு நீ எடுக்கவே இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஒன்று. உன் நிரந்தர முகவரி இன்னும் நம் வீடுதான் என்பதால் விசாரணைக்கு இங்கேயும் ஒருவர் வந்தார். நல்ல மனிதர். மகள் வீணா காபி கொடுத்தாள். "தம்பி எப்படி சார்? அங்க ஜகள கிகள, சண்டை சச்சரவு ஏதாச்சும் உண்டா?" என்று கேட்டார். லைசென்ஸ் கேட்பவனுக்கு ஆபத்து இருப்பதைக் காட்டினால்தானே கொடுப்பார்கள் என்று நினைத்தேன். பக்கத்து நிலத்துக்காரரின் மகன் ராகேஷ் உன் நிலத்தின் வழியாக ரோட்டுக்குப் பாதை கேட்டது, நீ மறுத்தது, அவன் உன் போர்வெல் மோட்டாரின் வயரை அறுத்தது, உன் மனைவி சந்திரம்மாவைச் சாதி சொல்லித் திட்டியது எல்லாவற்றையும் தேதியோடு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அவர் படித்துப் பார்த்து, "இவ்ளோ எழுதணுமா சார்? ‘ஒண்ணும் இல்ல’ன்னு ஒரு லைன் போதுமே" என்றார். நடந்தது நடந்தபடி இருக்கட்டும் என்றேன். பெருமையாகக்கூட இருந்தது.

மறுப்பு ஆணையில் என் எழுத்துதான் காரணமாகியிருக்கிறது. "விண்ணப்பதாரருக்கும் பக்கத்து நிலத்தாருக்கும் தகராறு இருப்பதாக அவருடைய அண்ணனே எழுத்து மூலம் தெரிவித்துள்ளார். ஆயுதம் வழங்கினால் பொது அமைதி கெடலாம்." நீ துப்பாக்கி வாங்குவது எனக்குப் பிடிக்காது என்பது உண்மை. ஆனால் அதற்காக நான் வேண்டுமென்றே எழுதவில்லை. இதை நீ நம்பவேண்டும்.

இரண்டு. தாத்தா கன்டோன்மென்டில் ஒரு துரையின் பங்களாவில் வேலை பார்த்தார் என்பது உனக்குத் தெரியும். துரையின் துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் போடுவது அவர்தான். ஒருமுறை அதைப் பழுது பார்க்க எடுத்துப் போனபோது, இன்னாருடைய துப்பாக்கியை இன்னார் கொண்டு போகிறார் என்று துரை ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். வழியில் மழை. சீட்டு நனைந்து எழுத்து அழிந்துவிட்டது. போலீஸ் பிடித்து மறுநாள் வரை உள்ளே வைத்தார்கள். துரையின் பையன், பள்ளிக்கூடம் போகிற பொடியன், அதே துப்பாக்கியோடு ஏரிக்கரையில் கொக்கு சுட்டுக்கொண்டிருந்தான். அவனுக்குச் சீட்டு வேண்டாம்.

மூன்று. வேண்டாம் என்பதுதான் சட்டமே. 1878-இல் வந்த ஆயுதச் சட்டத்தில் லைசென்ஸ் தேவையில்லாதவர்களின் பட்டியல் ஒன்று இருந்தது. முதலில் வெள்ளைக்காரர்களும் பட்டம் பெற்றவர்களும். கேள்விகள் எழுந்தபின் தோலின் நிறத்தை எடுத்துவிட்டு, பதவி, பட்டம், நிலவரி என்று மாற்றி எழுதினார்கள். சுதந்திரத்துக்குப் பின் 1959-இல் புதுச் சட்டம் வந்தது. சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக யாருக்கும் லைசென்ஸ் மறுக்கக் கூடாது என்று அதில் ஒரு வரி இருக்கிறது. அந்த வரியை வகுப்பில் நான் இரண்டு முறை படித்துக் காட்டுவேன்.

நான்கு. 1860-இன் தண்டனைச் சட்டம் ஒவ்வொரு மனிதனுக்கும் தன் உடலையும் உடைமையையும் காத்துக்கொள்ளும் உரிமையைக் கொடுத்தது. சாதி, நிறம், சொத்து எதுவும் பார்க்காமல் கொடுத்தது. பதினெட்டு வருடம் கழித்து அதே அரசு அந்தக் கையிலிருந்த ஆயுதத்தை எடுத்துக்கொண்டது. இந்த ஜூலையில் சட்டத்தின் பெயரையும் எண்களையும் மாற்றிவிட்டார்கள். உரிமை அப்படியே இருக்கிறது.

ஐந்து. அந்த உரிமைக்குத் துப்பாக்கி தேவையில்லை. நம்மைப் போன்றவர்கள் கையில் துப்பாக்கி இருந்தால் யார் முதலில் வந்தார்கள் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். கை வெறுமையாக இருந்தால், வந்தவன்தான் குற்றவாளி என்பதில் சந்தேகமே எழாது. ஆயுதம் இல்லாதவன் பக்கம்தான் சட்டம் நிற்கும். அதுதான் நமக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு. அதனால் அப்பீல் வேண்டாம்.

நான் சொல்வது தவறாகவும் இருக்கலாம். யோசித்து எழுது.

அண்ணன்,
இளங்கோவன்


ஹுணசெகட்டே
20 ஆகஸ்ட் 2024

அண்ணாவுக்கு,

உங்கள் ஐந்தையும் படித்தேன். சந்திரா எதிரில் உட்கார்ந்து கேட்டாள். முடிந்ததும், "உங்கண்ணா நம்ம வரப்புல நின்னு இதைச் சத்தமா படிக்கட்டும். பன்னி, ராகேஷ் ரெண்டு பேருமே இந்தப் பக்கம் வரமாட்டாங்க" என்றாள். ரொம்ப நாள் கழித்துச் சிரித்தோம். அதற்கு நன்றி.

நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை என்பதை நம்புகிறேன். வேண்டுமென்று செய்திருந்தால் இவ்வளவு சுத்தமாகச் செய்திருக்கமாட்டீர்கள்.

ஆபீசில் என்னை விசாரித்தவர் என்ன கேட்டார் தெரியுமா? "உனக்கு என்னய்யா ஆபத்து? கழுத்துல செயினா, வீட்ல பெட்டியா?" தகராறு இருக்கிறது சார் என்றேன். "தகராறு இருந்தா துப்பாக்கி கொடுக்க முடியாது" என்றார். அப்போ தகராறு இல்லை சார் என்றேன். "அப்புறம் எதுக்குத் துப்பாக்கி?" பட்டாளத்தில்கூட இப்படி ஒரு வட்டத்தில் ஓடவிட்டதில்லை.

ரிட்டயர் ஆகி வந்து பதினோரு வருஷம் நகைக் கடை வாசலில் துப்பாக்கியோடு நின்றேன். துப்பாக்கி முதலாளியுடையது, லைசென்ஸும் அவருடையது. அதில் என் போட்டோவை ஒட்டி, ரிடெய்னர் என்று எழுதியிருப்பார்கள். அவர் சார்பாகத் தூக்குபவன் என்று அர்த்தம். தாத்தாவின் சீட்டுதான், கொஞ்சம் கெட்டியான அட்டை. கடை மூடினதும் துப்பாக்கி நகைகளோடு லாக்கருக்குள் போகும். நான் டிபன் பாக்ஸோடு பஸ் ஸ்டாப்புக்குப் போவேன். என் உயிர் நகைக்குப் பக்கத்தில் இருந்தவரை அதற்குத் துப்பாக்கி இருந்தது. பக்கத்தில் இல்லாதபோது இல்லை. இதை உங்கள் மூன்றாவதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு யாரையும் சுட ஆசையில்லை அண்ணா. பட்டாளத்தில் நான் சாப்பர், பாலம் கட்டினவன். இங்கே என்ன நடக்கிறதென்று சொல்கிறேன். சாயங்காலம் ராகேஷ் அவன் அப்பாவின் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு என் வேலி ஓரமாகவே நடக்கிறான். பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸ். அவன் பெயரும் அதில் இருக்கிறது. அவன் நிலத்தில் பயிரே கிடையாது, லேஅவுட் போடக் கல் நட்டிருக்கிறான். "ஏன் அங்கிள், உங்க பக்கம் பன்னி வருதா?" என்று கேட்பான். இல்லப்பா என்பேன். "வந்தா சொல்லுங்க அங்கிள்." அவ்வளவுதான். திட்டுவதில்லை, மிரட்டுவதில்லை. இதை எந்த ஸ்டேஷனில் எழுதிக் கொடுப்பது?

நானும் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு என் பக்கம் நடக்கவேண்டும். அவன் குட் ஈவினிங் சொல்லட்டும், நானும் சொல்கிறேன். அப்புறம் இரண்டு பேரும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவோம். எனக்கு வேண்டியது அதுதான்.

இன்னொன்று. வீணாவிடம் போனில் பேசினேன். வன்கொடுமைச் சட்டத்தின் விதிகளில் நமக்குத் துப்பாக்கி லைசென்ஸ் கொடுக்கலாம் என்றே இருக்கிறதாமே. அப்பாவுக்குத் தெரியும் சித்தப்பா என்றாள். உங்கள் ஐந்தில் அது எங்கே?

தயாளன்


மர்பி டவுன்
29 ஆகஸ்ட் 2024

அன்புள்ள தயாளா,

உன் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்.

தெரியும். 1995-இல் வந்த விதிகள். நம் மக்களுக்கு ஆபத்து இருக்கும் இடங்களில், தாக்கக்கூடியவர்களின் ஆயுத லைசென்ஸை ரத்து செய்யவேண்டும், தேவையென்றால் நம்மவர்களுக்கு லைசென்ஸ் கொடுக்கவேண்டும் என்று எழுதியிருக்கிறது. முதன்முதலில் படித்த அன்று கதவைச் சாத்திக்கொண்டு மறுபடி படித்தேன். நூற்றுப் பதினேழு வருடம் கழித்து ஒரு பட்டியலில் நம் பெயர் வந்திருக்கிறது என்று தோன்றியது. அதன்பிறகு ஒவ்வொரு வருடமும் மாணவர்களிடம் கேட்பேன்: இதன்படி லைசென்ஸ் வாங்கிய யாரையாவது தெரியுமா? யாரும் கை தூக்கியதில்லை. கை தூக்காதவர்களில் நானும் ஒருவன்.

இதை முதல் கடிதத்தில் எழுதாததற்குக் காரணம், எழுதினால் நீ அப்பீல் போவாய் என்ற பயம். நீ கேட்டுவிட்டதால் சொல்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்தபின் இரண்டு நாள் தூக்கமில்லை. வேலி ஓரமாக அந்தப் பையன் நடப்பதை என் சட்டப் புத்தகங்களில் எங்கே வைப்பது என்று தேடினேன். அதற்கு இடம் இல்லை. அதனால் அப்பீலை நானே எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். சொத்து பற்றிய அந்த வரி, 1995 விதி இரண்டும் முதல் பக்கத்திலேயே இருக்கின்றன. முப்பது நாளுக்குள் கொடுக்கவேண்டும். வாங்கியதற்கு ஸ்டாம்ப் போட்டு வாங்கு.

ஆனால் என் ஐந்தாவதை நான் விடவில்லை. முடிவு தெரியும்வரை நான் சொல்வதைக் கேள். உன் பட்டாளத்துக் கத்தி, மரம் கழிக்கும் வெட்டுக்கத்தி இரண்டும் வீட்டில் இருக்கவேண்டாம். யாராவது வந்தால் உன் கையில் ஒன்றும் இருக்கக் கூடாது. எது நடந்தாலும் எழுதிக் கொடு, நகல் வை. கை வெறுமையாக இருக்கட்டும்.

சந்திரம்மாவின் கிண்டலை வீணாவுக்குப் படித்துக் காட்டினேன். சித்தி சொன்னது நூற்றுக்கு நூறு சரி என்கிறாள்.

அண்ணன்


ஹுணசெகட்டே
6 அக்டோபர் 2024

அண்ணாவுக்கு,

அப்பீலைக் கொடுத்துவிட்டேன். கிளார்க் முதல் பக்கத்தைப் படித்துவிட்டு, "யாருய்யா எழுதினது? வக்கீலா?" என்றார். எங்கண்ணா, சட்டக் கல்லூரி வாத்தியார் என்றேன். "அதான் புரியுது" என்றார். என்ன புரிந்ததோ. ஸ்டாம்ப் அழுத்திப் போட்டார், நகலில் பின்பக்கம் வரை இறங்கியிருக்கிறது.

நீங்கள் சொன்னபடி பட்டாளத்துக் கத்தியையும் வெட்டுக்கத்தியையும் பேப்பரில் சுற்றிச் சந்திராவிடம் கொடுத்து அனுப்பினேன். வீணா பரண்மேல் வைத்தாளாம். இப்போது வீட்டில் இருப்பது அரிவாள்மணை ஒன்றுதான். சந்திரா கேட்கிறாள்: "அதையும் அனுப்பிடட்டுமா? உங்கண்ணா வந்தா அவரைக்காயைப் பல்லால கடிச்சுத்தான் குழம்பு வெக்கணும்." மம்பட்டியை அனுப்ப முடியாது. அவரைக்குத் தண்ணி திருப்ப வேறு வழி இல்லை.

போன வாரம் வேலிக் கல் நாலைப் பிடுங்கிப் போட்டிருந்தார்கள். எழுதிக் கொடுத்தேன். ஸ்டேஷனில், "யார் பிடுங்கினதுன்னு பாத்தியா?" என்றார்கள். பார்க்கவில்லை சார், உண்மையைத்தானே சொல்லவேண்டும். "அப்ப மாடு இடிச்சிருக்கும்" என்றார். என் வேலிக் கல் இரண்டடி ஆழம் புதைத்தது, அண்ணா. அதில் நாலைப் பிடுங்கிப் போடும் மாட்டை இந்தப் பக்கம் நான் பார்த்ததில்லை.

ராகேஷ் இப்போது அங்கிள் என்பதில்லை. அப்பீல் போட்டது அவனுக்குத் தெரிந்துவிட்டது. "என்ன தயாளப்பா, துப்பாக்கி வருதாமே? எதைச் சுடப் போறீங்க, எலியையா?" என்றான். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். வெறுமையாகத்தான் இருந்தது. நீங்கள் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பீர்கள்.

அரசாங்கம் முன்னாள் ராணுவத்தான் என்று இந்த நிலத்தைக் கொடுத்து இவ்வளவு வருஷம் ஆகிறது. நீங்கள் ஒருமுறைகூட வந்து பார்க்கவில்லை. அவரை பூத்திருக்கிறது. காய்க்கும்போதாவது வாருங்கள். பஸ் ஸ்டாப்பில் நான் வந்து நிற்கிறேன்.

தயாளன்


மர்பி டவுன்
19 நவம்பர் 2024

தயாளா,

ஆஸ்பத்திரிக்கு வந்தபோது உன்னைக் கட்டிலோடு சங்கிலி போட்டிருந்தார்கள். முகத்தில் பாதி கட்டு. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். காவலுக்கு இருந்தவர், "பேசுங்க சார், அஞ்சு நிமிஷம்" என்றார். நீதான் "சாப்பிட்டீங்களா" என்று கேட்டாய்.

இப்போது ஜெயிலுக்கு மாற்றிவிட்டார்கள் என்று வக்கீல் டோரீன் சொன்னார். என் பழைய மாணவி. பணம் பற்றிப் பேசவேண்டாம் என்றுவிட்டார். அவர் கேட்பது ஒன்றுதான்: அன்று நடந்ததை நீ வரிசையாக எழுதவேண்டும். ஜெயில் வழியாக வரும் கடிதத்தை மற்றவர்களும் படிப்பார்கள். நடந்ததை மட்டும் எழுது.

சந்திரம்மாவை இங்கே வரச் சொன்னேன். மாட்டேன் என்கிறாள்.

அண்ணன்


மத்திய சிறை, பரப்பன அக்ரஹாரா
2 டிசம்பர் 2024

அண்ணாவுக்கு,

வரிசையாக எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

காலையில் அவரைக்குத் தண்ணி திருப்பிக்கொண்டிருந்தேன். ஜேசிபி சத்தம் கேட்டது. ரோட்டுப் பக்கம் வேலியை இடித்துக்கொண்டு உள்ளே வந்தது. கூட ராகேஷ், இன்னும் மூன்று பேர். நான் ஓடினேன். "நிறுத்துங்கடா" என்று கத்தினேன். கையில் மம்பட்டி இருந்தது. தண்ணி திருப்பிக்கொண்டிருந்தவன் கையில் வேறு என்ன இருக்கும்? ஓடும்போது கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு ஓட யாருக்கும் ஞாபகம் வராது. உங்களுக்கு வந்திருக்கும். எனக்கு வரவில்லை. இதைத்தான் தினமும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ராகேஷ், "நில்லு தயாளப்பா" என்றான். நான் நிற்பதற்குள் சுட்டான். ரவை தோளிலும் கன்னத்திலும் ஏறியது. இடது கண்ணில் ஒன்று. டாக்டர் அந்தக் கண் இனி இல்லை என்றுவிட்டார். வலது கண் நன்றாக இருக்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் அதற்குக் காரணம் பலகை இல்லாதது.

எப்ஐஆரை டோரீன் மேடம் படித்துக் காட்டினார். "மாரகாயுதத்தோடு கொல்ல ஓடி வந்தார். உயிருக்குப் பயந்து, லைசென்ஸ் உள்ள துப்பாக்கியால் தற்காப்புக்காகச் சுட்டேன்." மாரகாயுதம் என்றால் ஆளைக் கொல்லும் ஆயுதம். மம்பட்டிதான் அது. தற்காப்பு என்ற வார்த்தை அந்தத் தாளில் இருக்கிறது, அண்ணா. நீங்கள் நாலாவதாக எழுதியது. அவன் பெயருக்கு எதிரில் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் வாக்குமூலம் எழுத வந்தவர் சொன்னார்: "அவருக்கு லைசென்ஸ் இருக்கு. உனக்கு இருக்கா?" மம்பட்டிக்கா சார் என்றேன். சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. தையல் போட்ட இடம் இழுத்தது.

நாங்கள் கொடுத்த புகாரை மறுநாள்தான் பதிவு செய்தார்கள். கவுன்டர் கேஸ் என்று பெயர். சந்திரா எல்லாவற்றையும் பார்த்தாள். கட்டினவள் அப்படித்தான் சொல்லுவாள் என்றார்களாம்.

உங்கள்மேல் கோபம் இல்லை. துப்பாக்கி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கும் தெரியாது. யாராவது செத்திருக்கலாம். அவனோ, நானோ. நீங்கள் சொன்னபடி எல்லாம் செய்தேன் என்பதை மட்டும் எழுதி வைக்கிறேன். கத்தி பரண்மேல் இருக்கிறது. புகார் எல்லாவற்றுக்கும் ஸ்டாம்ப் இருக்கிறது. மம்பட்டியையும் ஆயுதம் என்பார்கள் என்று மட்டும் நாம் இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

சந்திராவைத் தனியாக விடாதீர்கள்.

தயாளன்


ஹுணசெகட்டே
24 பிப்ரவரி 2025

அன்புள்ள தயாளா,

இந்த முறை எண் போடவில்லை. மேலே ஊர்ப் பெயரைப் பார்த்திருப்பாய். பொங்கல் கழிந்த மறுநாளிலிருந்து நான் உன் வீட்டில்தான் இருக்கிறேன். நீ கேட்டபடி வந்தேன், ஆனால் பஸ் ஸ்டாப்பில் நீ இல்லை. சந்திரம்மா வந்து நின்றாள். அவரை முடிந்துவிட்டது. கொடியெல்லாம் காய்ந்து கிடக்கிறது.

ஜாமீன் கிடைத்துவிட்டது. டோரீன் நேரில் வந்து சொல்லியிருப்பார். சொத்துள்ளவர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். மர்பி டவுன் வீட்டுப் பத்திரத்தைக் கொடுத்தேன். அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை நீ வெளியே வந்துவிடலாம்.

ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது. வழக்கு முடியும்வரை இந்த ஊர் எல்லைக்குள் நீ வரக் கூடாது. அவன் இருக்கலாம். நீ கூடாது. டோரீன் எவ்வளவோ வாதாடினார். மறுபடி மோதல் வராமல் இருக்கத்தான் என்றார்கள். அதனால் நீ மர்பி டவுனில் வீணாவோடு இரு. உன் கட்டிலைத் துடைத்து வைத்திருக்கிறாள். நான் இங்கே இருக்கிறேன். நம் இரண்டு பேர் வீடும் மாறிவிட்டது.

அப்பீல் முடிவும் வந்துவிட்டது. நான் எழுதிய முதல் பக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "விண்ணப்பதாரர் மீது கொலை முயற்சி வழக்கு நிலுவையில் உள்ளதால் நிராகரிக்கப்படுகிறது." ஒரே வரி. ராகேஷிடமிருந்து எடுத்துப் போன துப்பாக்கியைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பயிருக்கு வேண்டுமாம். 1995 விதிப்படி அந்த லைசென்ஸை ரத்து செய்யச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். இந்த முறை தபாலில் அனுப்பாமல் நானே போய்க் கொடுத்தேன். போலீஸ் ஸ்டேஷனுக்குள் காலெடுத்து வைத்தது என் வாழ்வில் அதுதான் முதல் தடவை. இரண்டு நாற்காலி இருந்தது, உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே கொடுத்தேன். பலன் இருக்கும் என்று நான் உனக்குச் சொல்லமாட்டேன். சொன்னதெல்லாம் போதும்.

சாயங்காலம் நான் வேலி ஓரமாக நடக்கிறேன். நேற்று அவனும் நடந்தான். தோளில் அது இருந்தது. "குட் ஈவினிங் சார்" என்றான். குட் ஈவினிங் என்றேன். நீ ஆசைப்பட்டது இதுதானே என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் இரண்டு பக்கமும் ஒன்றாக இல்லை. அவன் சொன்னது வேறு, நான் சொன்னது வேறு. இருவருக்குமே அது தெரியும்.

ஒரு சின்ன விஷயம் நடந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உன் மண்வெட்டியைச் சாட்சிப் பொருள் என்று சீல் வைத்து எடுத்துப் போய்விட்டார்கள். ராகிக்கு நிலம் தயார் செய்யவேண்டும் என்று சந்திரம்மா புதிதாக ஒன்று வாங்கப் போனாள். நானும் கூடப் போனேன். கடைக்காரரிடம் பில் கேட்டாள். "ஒரு மம்பட்டிக்குப் பில்லாம்மா? அரிசி மூட்டையா வாங்கறே?" என்று அவர் சிரித்தார். இவள் சிரிக்கவில்லை. "பில் போடு. விவசாயத்துக்குன்னு எழுது. என் பேரை எழுது. தேதி போடு. சீல் குத்து" என்றாள். அவர் ஏதோ புரிந்துகொண்டதுபோல் எழுதிக் கொடுத்தார். அவள் அதை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். இப்போது வயலில் இறங்கும்போதெல்லாம் அது அவளிடம் இருக்கிறது.

நான் என்ன செய்தேன் என்று கேள். நீங்கள் எல்லோரும் சிரிக்கும் என் புத்தி அப்படி. வியர்வையில் அது ஊறிப்போய்விடுமே என்று கவலைப்பட்டேன். தாத்தாவின் சீட்டு மழையில் நனைந்தது நினைவுக்கு வந்தது. மறுநாள் பஸ் ஏறிப் போய் அதை லேமினேட் செய்து கொண்டுவந்தேன். "இனி நனையாது" என்று சந்திரம்மாவிடம் கொடுத்தேன். அவள் வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். "நல்ல வேலை செஞ்சீங்க மாமா" என்றாள். கிண்டல் இல்லை, தயாளா. மனதாரச் சொன்னாள். அதுதான் என்னைத் தாக்கியது.

இப்போது எதிரில் அவள் மண் வெட்டிக்கொண்டிருக்கிறாள். தன் சொந்த நிலத்தில், தன் பணத்தில் வாங்கிய மண்வெட்டியோடு, இது ஆயுதம் இல்லை என்ற சீட்டை மார்பில் வைத்துக்கொண்டு. நூறு வருடத்துக்கு முன்பு தாத்தாவிடம் இருந்தது காகிதம். அவருடைய பேரன் மனைவியிடம் இருப்பது பிளாஸ்டிக் போட்ட காகிதம். இந்த முன்னேற்றத்தைச் செய்து கொடுத்தவன் நான். வெட்டும்போது நடுவில் நிறுத்தி, ரோட்டைப் பார்த்துவிட்டு, ஒரு தடவை மார்பைத் தொட்டுப் பார்க்கிறாள். மறுபடி குனிகிறாள்.

கை வெறுமையாக இருக்கட்டும் என்று உனக்கு எழுதினேன். நம் கை எப்போது வெறுமையாக இருந்தது? துரையின் துப்பாக்கி, கடைக்காரரின் துப்பாக்கி, மண்வெட்டி, அரிவாள்மணை, உன் அண்ணன் கையில் ஒரு பேனா. வேலை செய்கிறவன் கையில் ஏதாவது ஒன்று இருந்துகொண்டேதான் இருக்கும். அதற்கு என்ன பெயர் வைப்பது என்பதை எழுதும் இடத்தில் நாம் இல்லை. அதை முப்பது வருடம் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவனுக்கு, சொந்தத் தம்பிக்கு எழுதும்போது தெரியவில்லை.

உனக்குத் துப்பாக்கி கிடைத்திருந்தால் நல்லதாக முடிந்திருக்குமா என்று இன்றும் எனக்குச் சொல்லத் தெரியாது. அதை நான் தெரிந்ததுபோல் எழுதமாட்டேன். ஆனால் ஆயுதம் இல்லாதவன் பக்கம் சட்டம் நிற்கும் என்று எழுதினேனே, என் முதல் கடிதத்தில் ஐந்தாவதாக, அது தவறு.

அண்ணன்,
இளங்கோவன்